400 கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய கார்

எங்கள் பேகம்பூரில் ஒரு வீட்டுக்குக் கார் வந்தால் அது அந்த வீட்டு விஷயம் மட்டும் இல்லை. தெருவே வந்து பார்க்கும். "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கும். "எந்த ஊர் வண்டி?" என்று கேட்கும். கடைசியில் ஒரு பெரியவர் முன் டயரைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டு, "நல்ல வண்டிதான்" என்று சர்டிபிகேட் கொடுப்பார். அந்த ஒரு உதையில் அவருக்கு என்ன தெரிந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை :-)

2025 ஜனவரி கடைசியில் எங்கள் வீட்டுக்கும் ஒரு கார் வந்தது. ராத்திரி ஒன்றே முக்காலுக்கு வந்ததால் தெருவில் யாரும் பார்க்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். கறுத்த கையும் சேறு பட்ட சட்டையுமாக நாங்கள் மூன்று பேரும் இறங்கிய கோலத்தைப் பார்த்திருந்தால் கார் வாங்கிவிட்டு வருகிறோம் என்று ஒருத்தர்கூட நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கதை மட்டும் இல்லை, கதையின் முடிவில் எனக்கு ஒரு கருத்தும் இருக்கிறது. பழைய கார் வாங்குவது தப்பே இல்லை. தூரத்தில் போய் வாங்குவதும் தப்பில்லை. "எப்படியும் வண்டியோடுதான் திரும்பணும்" என்று கிளம்பிப் போவதுதான் தப்பு. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், எங்களுக்குக் கார் எதற்கு? ஆசைக்கு இல்லை. நன்னிக்கு இடுப்பு எலும்பு முறிந்து மதுரையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாதம் இரண்டு தடவையாவது மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். பஸ்ஸில் உட்கார முடியாது. ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார் எடுத்தால் கட்டுப்படியாகாது. அத்தா ஒரு சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறார். அவர் வருடக்கணக்கில் சீட்டுக் கட்டி எடுத்த பணம் கையில் இருந்தது. அந்தப் பணத்துக்குள் ஒரு சின்ன பெட்ரோல் கார் என்பதுதான் திட்டம்.

திண்டுக்கல்லிலேயே இரண்டு மூன்று வண்டி பார்த்தோம். அந்த நேரம் பார்த்து என் கையில் இருந்த போன் சும்மா இருக்குமா? சென்னையில், தாம்பரம் பக்கம், அதே மாடல், 2014 வண்டி, இரண்டாவது ஓனர். இங்கே கேட்ட விலையைவிட 45,000 ரூபாய் குறைவு. போட்டோவில் கண்ணாடி மாதிரி மின்னியது. விற்பவரோடு போனில் பேசினேன். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். 10,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பிவிட்டோம். வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால்!

முதல் தப்பு அங்கேயே நடந்துவிட்டது. அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை, சாமர்த்தியமாகத் தெரிந்தது.

அத்தா, மாமா, நான் மூன்று பேரும் ராத்திரி பஸ் ஏறினோம். விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கினோம். தூக்கம் இல்லை. முகம் கழுவி ஒரு டீ குடித்துவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போனோம். வண்டி கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தது மாதிரி நின்றது. உள்ளே நல்ல வாசனை, ஏதோ சென்ட் அடித்திருந்தார். (உள்ளே வாசனை தூக்கலாக இருந்தால் எந்த நாற்றத்தை மறைக்கிறது என்று கேட்க வேண்டும் என்பது பிறகு கற்ற பாடம்.)

கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தோம். ஏசி சரியாகக் குளிரவில்லை. மாமா சொன்னார், "கேஸ் போட்டா சரியாயிடும்." பின் கதவின் கண்ணாடி பாதியில் நின்றது. நான் சொன்னேன், "சின்ன வேலைதான் அத்தா." ஆர்சியில் ஒரு வங்கியின் பெயர் இருந்தது. "லோன் எப்பவோ முடிஞ்சிருச்சு, பேர் எடுக்கிறதுதான் பாக்கி, பேப்பர் அனுப்பிடுறேன்" என்றார் அவர். அத்தா தலையாட்டினார்.

கவனித்தீர்களா? விற்பவர் எங்களை ஏமாற்றவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு குறைக்கும் நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். இதே வண்டி நத்தம் ரோட்டில் நின்றிருந்தால் அந்தக் கண்ணாடி ஒன்றுக்கே "நாளைக்கு வர்றோம்ணே" என்று திரும்பியிருப்போம். ஆனால் இது 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கடையை இரண்டு நாள் சாத்தியாயிற்று. நன்னியிடம் சொல்லியாயிற்று. வீட்டில் அம்மா வாசலைக் கழுவி வைத்திருப்பார்கள். இனி எப்படி வெறுங்கையோடு போவது?

பணம் கை மாறியது. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கினோம். சாவியைக் கொடுத்தார். பூட்டுக்குப் பெயர் போன ஊர்க்காரர்கள் அல்லவா நாங்கள், சாவி கைக்கு வந்தாலே பொருள் நம்முடையது என்று ஒரு நம்பிக்கை :-)

இனி ரோடு.

பரனூர் டோல்கேட்டில் ஃபாஸ்டேக் வேலை செய்தது. ஆத்தூரிலும் செய்தது. "பரவாயில்லையே" என்றார் மாமா. அது விற்றவரின் கணக்கு, அவர் போனுக்குத்தான் மெசேஜ் போகிறது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது மெசேஜைப் பார்த்ததும் மனிதர் வீட்டில் உட்கார்ந்தபடியே அதை மூடிவிட்டார் போல. விக்கிரவாண்டியில் தடுப்பு எழவில்லை. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க, ரொக்கமாக இரட்டைக் கட்டணம். அங்கிருந்து செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பொன்னம்பலப்பட்டி என்று எல்லா இடத்திலும் இரட்டை. (2025 நவம்பர் 15-ல் வந்த விதிப்படி யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்குதான், ரொக்கத்துக்குத்தான் இரட்டை என்று ஆனது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.) அவரைக் குறை சொல்ல மாட்டேன். விற்றவர் தன் ஃபாஸ்டேக்கை மூடுவதும், வாங்கியவர் புதிதாக எடுப்பதும்தான் முறை. நாங்கள்தான் அதைப் பற்றி யோசிக்காமல் கிளம்பியிருந்தோம்.

தொழுதூர் தாண்டும்போது பின் டயர் பஞ்சர். பஞ்சர் என்பது மரியாதையான வார்த்தை. டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. அப்போதுதான் டயரில் இருந்த எழுத்துகளை உட்கார்ந்து படித்தேன். நான்கு இலக்கம்: 3814. முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். அதாவது 2014-ஆம் வருடம் 38-வது வாரம் செய்த டயர். வண்டியோடு பிறந்து பத்து வருடம் ஓடிய டயர்! மேலே பட்டன் நன்றாக இருக்கிறதே என்று காலையில் நாங்கள் சந்தோஷப்பட்டோம். பட்டன் இருந்தாலும் வயதானால் ரப்பர் இறுகி வெடித்துவிடும்.

ஸ்டெப்னியை எடுக்க டிக்கியில் இருந்த விரிப்பைத் தூக்கினோம். ஸ்டெப்னியைத் தூக்கினோம். அதற்கு அடியில் இருந்த குழியைப் பார்த்து மாமா பேசாமல் நின்றுவிட்டார். காய்ந்து வெடித்த சேறு. வண்டல் மண். அதில் ஒரு சின்ன நத்தைக்கூடு.

நத்தை எப்படி அங்கே போனது என்று யோசிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. அந்தக் கார் ஒரு காலத்தில் தண்ணீருக்குள் நின்றிருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கார்கள் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டதை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். அந்த வண்டிகளெல்லாம் எங்கே போயின? மொத்த நஷ்டம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் கணக்கு முடித்த வண்டிகள் ஏலத்தில் போகும். வாங்குபவர்கள் சிலர் உதிரிபாகத்துக்குப் பிரிப்பார்கள். சிலர் கழுவிக் காயவைத்து, சீட் மாற்றி, பாலிஷ் போட்டு மறுபடி ரோட்டில் விடுவார்கள். தண்ணீர் பட்ட வயரிங் உடனே சாகாது. இணைப்புகளில் பச்சைப் பச்சையாகப் பூத்து, ஒன்றொன்றாக, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாகும். அந்தப் பாதியில் நின்ற கண்ணாடி ஏன் நின்றது என்று இப்போது புரிந்தது.

பாடாலூர் அருகே வெப்ப முள் மேலே ஏறியது. ரேடியேட்டர் ஹோஸ் விரிசல். ஒரு ஒர்க்ஷாப்காரர் நல்ல மனிதர், கடையைச் சாத்தப் போனவர் எங்களுக்காக இருந்து மாற்றிக் கொடுத்தார். பொன்னம்பலப்பட்டி தாண்டியதும் வலது இண்டிகேட்டர் போயிற்று. மாமா கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டிக்கொண்டே வந்தார். வீடு சேரும்போது மணி ஒன்றே முக்கால். அம்மா அதுவரை தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக் முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவி இழுத்தார். உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் பழுப்பாக ஒரு கோடு, தண்ணீர் நின்ற மட்டம். சீட்டுக்கு அடியில் இருந்த தண்டவாளம் முழுக்கத் துரு. "பாய், இது தண்ணியில நின்ன வண்டி. ஒரு நாள் கூட நின்னிருக்கும்" என்றார். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தைத் தாம்பரத்தில் நாங்கள் செலவழிக்கவில்லை.

சரி, கணக்குப் பார்ப்போம். மூன்று பேர் பஸ் டிக்கெட் 2,100. பெட்ரோல் 3,200. டோல்கேட் 1,100. ஹோஸ், கூலண்ட், கூலி 2,900. நான்கு டயர் 16,500. வயரிங், சீட் கழட்டி மாட்டியது 18,000. பேப்பருக்காக மறுபடி சென்னை போய்வந்தது 2,500. மொத்தம் 46,300. மிச்சம் பிடித்தது 45,000. ஆக, 1,300 ரூபாய் நஷ்டத்தில் ஒரு வெள்ளக் கார் வாங்கியிருக்கிறோம்.

பணம் போனால் போகட்டும். எனக்குப் பயம் கொடுத்தது வேறு. மறுபடி சென்னை போனோம் என்றேன் அல்லவா, அந்தப் பேப்பர் கதை.

விற்றவர் கடனைக் கட்டி முடித்தது உண்மை. ஆனால் ஆர்சியிலிருந்து வங்கியின் பெயரை நீக்கவே இல்லை. வங்கி முன்பு கொடுத்த தடையில்லாச் சான்று காலாவதியாகிவிட்டது. புதிதாக வாங்கி, படிவம் 35 சேர்த்து, பெயர் மாறி வருவதற்குள் மூன்று மாதம். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. எங்கள் விஷயத்தில் இரண்டும் தாண்டிப்போனது. அந்த மூன்று மாதமும் அத்தா நன்னியை வைத்து மதுரைக்கு ஓட்டிய கார், சட்டத்தின் கண்ணில் தாம்பரத்துக்காரருடையது.

அதனால் என்ன என்கிறீர்களா? உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு கார் வரிசையாகப் பல கை மாறியிருக்கிறது. யாரும் பதிவேட்டில் பெயரை மாற்றவில்லை. அந்தக் கார் மோதியதில் உயிர் போனது. நஷ்டஈடு யார் கொடுப்பது? எப்போதோ விற்றுவிட்டேன் என்றார் முதல் ஆள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பொறுப்பு என்றது நீதிமன்றம். அதாவது எங்கள் கார் அந்த மூன்று மாதத்தில் யார் மேலாவது இடித்திருந்தால், தாம்பரத்தில் நிம்மதியாகத் தூங்கும் மனிதருக்கு நோட்டீஸ் போயிருக்கும்.

எங்களுக்கும் நிம்மதி இல்லை. வண்டி கை மாறும்போது மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் சட்டப்படி கூடவே வந்துவிடும் (157-வது பிரிவு). ஆனால் நம் வண்டிக்கே அடிபட்டால் கிடைக்கும் காப்பீடு அப்படித் தானாக வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி நம் பெயருக்கு மாற்ற வேண்டும். நாங்கள் மாற்றவில்லை. ஒரு மரத்தில் மோதியிருந்தால் அத்தாவின் சீட்டுப் பணம் அங்கேயே கதம்.

என் பொருளாதார வகுப்பில் ஜார்ஜ் அகர்லாஃப் என்பவரைப் பற்றி ஒரு பாடம் வரும். 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டை வண்டியை அமெரிக்காவில் "எலுமிச்சை" என்பார்கள், கட்டுரையின் தலைப்பிலும் அதுதான். மூன்று பத்திரிகைகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கட்டுரை. பின்னால் 2001-ல் அவருக்கு நோபல் பரிசு. அவர் சொன்னது இதுதான்: வண்டியின் உண்மை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சேர்த்துக் குறைத்தே விலை கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார், ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் எலுமிச்சைதான் மிஞ்சும்.

பரீட்சையில் இதை நான் நன்றாக எழுதி மார்க்கும் வாங்கினேன். தாம்பரத்தில் ஞாபகம் வரவில்லை :-(

ஆனால் அகர்லாஃப் சொன்னதோடு என் அனுபவத்தில் ஒன்றைச் சேர்க்க ஆசை. எங்களுக்குத் தெரியாமல் போனது தகவல் இல்லாததால் மட்டும் இல்லை. தகவல் கண் முன்னால் இருந்தது. குளிராத ஏசி, நின்ற கண்ணாடி, ஆர்சியில் வங்கிப் பெயர், டயரில் நான்கு இலக்கம் எல்லாமே காலையிலேயே தெரிந்தவை, அல்லது தெரிந்திருக்கக்கூடியவை. தூரம்தான் எங்களைப் பார்க்கவிடாமல் செய்தது. செலவழித்த பஸ் காசும், கொடுத்த அட்வான்ஸும், வீட்டில் சொன்ன வார்த்தையும் எங்கள் பக்கத்தில் நின்று விற்பவருக்காகப் பேசின. அந்த மனிதர் வண்டியை வாங்கும்போதே வெள்ளக் கார்தானோ என்னவோ, அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். அவர் சும்மா நின்றார். விற்பனையை முடித்தது எங்கள் வெட்கம்.

"கவனமாகப் பார்க்காதது உங்கள் தப்பு, தூரத்தை ஏன் திட்டுகிறாய்?" என்று என் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. எங்கள் தப்புதான். ஆனால் அத்தா வியாபாரி. ஒரு மூட்டை பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லக்கூடிய மனிதர். அவரே அன்று தலையாட்டினார் என்றால் கவனக்குறைவு என்று மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது. வேண்டாம் என்று சொல்வதன் விலையை நாங்களே முன்கூட்டி ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தோம்.

சென்னைக்கே இப்படி என்றால் டெல்லிக் கார் வாங்குபவர்களை நினைத்துப் பாருங்கள். பத்து வருடம் தாண்டிய டீசல் கார்கள் டெல்லியில் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. (2025-ல் உச்ச நீதிமன்றமே அதில் மாற்றங்கள் செய்தது.) அந்த உத்தரவுக்குப் பிறகு அங்கே விலை போகாத வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு வந்தன. நம் பக்கமும் வந்தன. விலையைக் கேட்டால் வாய் பிளக்கும். ஆனால் அங்கே படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே மறுபடி பதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டுக்குத் தனியாக வரி கட்ட வேண்டும். இதெல்லாம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் போய் நின்ற பிறகு ஞாபகம் வந்து என்ன பயன்? அங்கே போய் நிற்பவர் "வேண்டாம்" என்று சொல்வாரா?

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான். ஒன்று, பார்க்கப் போவதும் எடுக்கப் போவதும் இரண்டு தனிப் பயணமாக இருக்கட்டும். முடியாவிட்டால் அந்த ஊர் மெக்கானிக் ஒருவருக்குப் பணம் கொடுத்து முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைக்கு மேல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். மூன்று, வண்டி எண்ணை வைத்து அரசின் பரிவாகன் தளத்தில் கடன், இன்சூரன்ஸ், அபராதம் எல்லாவற்றையும் பஸ் ஏறும் முன்பே பாருங்கள். ஆர்சியில் வங்கிப் பெயர் இருந்தால் அது நீங்கும்வரை முழுப்பணம் கொடுக்காதீர்கள். வியாபாரியிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி அவர் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். நான்கு, ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். விற்பவர் கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

இப்போது கார் எங்கள் பெயரில் இருக்கிறது. ஓடுகிறது, அவ்வப்போது ஏதாவது ஒன்று சாகிறது, மாற்றுகிறோம். நன்னி முன் சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி மதுரை போய் வருகிறார்கள். அவர்களிடம் யாரும் நத்தைக் கதையைச் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. தூர ஊருக்குக் கார் எடுக்கப் போகிறவர்கள், திரும்பி வரும் பஸ் காசைத் தனியாக ஒரு பாக்கெட்டில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆளுக்கு ஏழு நூறு ரூபாய் இருக்கும். பேரம் பேசும்போது அந்தப் பாக்கெட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அன்று அது மட்டும் இருந்திருந்தால், வெறுங்கையோடு பேகம்பூர் வந்து தெருக்காரர்கள் கேலியைக் கொஞ்சம் கேட்டிருப்போம். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.